சொல்லவே இல்லையேடா

இப்படிக் கேட்டவன் யாருன்னா, வெள்ளிக்கிழமை ராத்திரி நான் போட்ட மெசேஜுக்கு முத ஆளா கட்டைவிரல் தூக்கினவன். அதான் எனக்கு இன்னும் அடங்கல.

ஸ்கூல் குரூப்புதான். உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கும், விளக்கத் தேவையில்ல. எங்களுதுல 23 பேரு. வாட்ஸ்அப்காரன் ஒரு குரூப்புல 1024 பேர் வரைக்கும் சேத்துக்கலாம்னு விட்டிருக்கான். எந்த தைரியத்துல விட்டானோ. இங்க 23 பேரை வச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமையை முடிவு பண்ண முடியல.

நான் கேட்டது ஒரே கேள்வி. "ஞாயிறு காலை 6 மணி, ஏற்காடு அடிவாரம். வண்டியில மேல போயிட்டு மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். யார் யார் வரீங்க?" இடம் இருக்கு, நேரம் இருக்கு, திரும்பி வர்றது கூட இருக்கு. 9:10-க்குப் போட்டேன். 9:12-க்குப் பதில் வந்துச்சு: "எந்த ஞாயிறு?"

சரி, கேட்டுட்டுப் போறான். "நாளன்னிக்கு"ன்னு போட்டேன். அடுத்தது எங்க மெக்கானிக் (பாக்குற வேலை இன்சூரன்ஸ், பேரு மட்டும் அப்படியே நின்னுடுச்சு). "ஏற்காட்டுல என்னடா இருக்கு?"ங்கிறான். டேய், அஸ்தம்பட்டியில பொறந்து வளந்தவன் நீ. மொட்டைமாடியில துணி காயப்போடும்போது எதுக்கால தெரியுதே, அதாண்டா ஏற்காடு. நாப்பத்தி சொச்சம் வருசமா அங்கயேதான் இருக்கு.

அப்புறம் ஒருத்தன் 6 மணி சீக்கிரம், 8 வைங்கிறான். இன்னொருத்தன் 8-க்கு வெயில் ஏறிடும், 5 வைங்கிறான். ஒருத்தன் "நான் வரேன், ஆனா டவுட்". வரேன் ஆனா டவுட்டுன்னா உடம்பு வரும், மனசு வராதா? நடுவுல ஒரு புண்ணியவான் சொட்டுத் தண்ணியோட ஒரு ரோஜாப்பூவை அனுப்பி இனிய இரவு வணக்கம்ங்கிறான். அதுக்கு நாலு பேரு கைகூப்புறான். எனக்கு ஒருத்தனும் வரேன்னு சொல்லல.

இதுவரைக்கும் கூட பொறுத்துக்கலாம். துபாய்ல இருக்கறவன் வாயத் திறந்தான் பாருங்க.

வாய்ஸ் நோட். 4 நிமிசம் 12 செகண்டு. ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டும் தீர மாட்டேங்குது. தான் வரமுடியாதுன்னு சொல்ல முத ஒன்றரை நிமிசம். யாருடா உன்னக் கூப்ட்டது? மீதி முழுக்க பழங்கதை. "2001-ல ப்ளஸ் டூ பரீட்சை முடிஞ்சு ரெண்டு டிவிஎஸ் ஃபிப்டில நாலு பேரு போனமேடா, பதிமூணாவது வளைவுல பஞ்சர் ஆச்சே, ஞாபகம் இருக்கா..."

முடிஞ்சது சோலி.

"பதிமூணு இல்லடா, பதினேழு"ன்னான் வாத்தி. சேலத்துலேர்ந்து மேல போற ரோட்டுல கொண்டை ஊசி வளைவு மொத்தமே 20. இந்த 20-ல எதுல பஞ்சர் ஆச்சுங்கிறதுக்கு, கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி ஒவ்வொருத்தனா ஏறி நிக்கிறான். பதினேழுன்னா கீழ ஊரு தெரிஞ்சிருக்குமே, தெரியலையேங்கிறான். அன்னிக்குப் பனிடாங்கிறான். பரீட்சை லீவுல ஏதுடா பனிங்கிறான். பின்னாடி உக்காந்தவங்க எறங்கித் தள்ள ஆரம்பிச்சது எத்தனாவதுலன்னு ஒருத்தன் கேக்க, "அது ரெண்டாவதுலயே"ன்னு பதில் வருது. அன்னிக்கு எங்ககூட வராதவனெல்லாம் பதிமூணுன்னு சத்தியம் பண்றான்! ஒருத்தன், வரேன் வரலன்னு ஒரு வார்த்தை எழுத நேரமில்லாதவன், மளிகைச் சீட்டுப் பின்னாடி பால்பாயிண்ட் பேனாவுல மலை வரைஞ்சு, வளைவுக்கெல்லாம் நம்பர் போட்டு, 13-க்கு நேரா அம்புக்குறி இழுத்து, "பஞ்சர்"னு எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். மலைக்குப் பக்கத்துல "உ.பருப்பு ஒரு கிலோ"ன்னு இருக்கு.

பொய் சொல்லக்கூடாது, நானும் ரெண்டு மெசேஜ் போட்டேன். ஏன்னா அது பதினேழுதான்.

சனிக்கிழமை காலைல எந்திரிச்சுப் பாத்தா 140 மெசேஜ். தட்டுவடை செட்டுக்குள்ள பீட்ரூட் துருவல் வைக்கலாமா கூடாதாங்கிறதுல வந்து நிக்குது. அது எப்படி அங்க போச்சுன்னு மேல தள்ளிப் பாக்கற தெம்பு எனக்கில்ல.

சரி, நாகரிகமா போவோம்னு ஓட்டெடுப்பு வச்சேன். வரேன், வரல, பாத்துச் சொல்றேன். அதுல ஒரே ஆளு ஒண்ணுக்கு மேல தொடலாம்ங்கிறது எனக்கு அப்பத் தெரியாது. நாலு பேரு மூணையும் தொட்டு வச்சிருக்கான். ஓட்டுப் போட்டது 18 பேரு, விழுந்த ஓட்டு 26. தேர்தல்ல கூட இப்படிக் கண்ணு முன்னாடி நடக்காது. "வரேன்"ல 11. அதுல மூணையும் தொட்ட மகான்கள் நாலு பேரைக் கழிச்சேன், என்னையக் கழிச்சேன், மீதி ஆறு பேரு. கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டேன்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலம். ஏழு பேருக்கு ஆளுக்கு நாலு இட்லி, ஒரு வடை பார்சல். 5:50-க்கு அடிவாரத்துல நிக்கிறேன். ஒரு டீ. 6:15-க்கு ரெண்டாவது டீ. 6:40-க்கு டீக்கடைக்காரர், "யாராச்சும் வரணுங்களா?"ன்னு கேட்டாரு. அவரு கேட்ட விதத்துலயே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு.

மெசேஜை அமுக்கிப் பிடிச்சு யார் யார் படிச்சிருக்கான்னு பாத்தேன். 19 பேரு. நீல டிக்கு வரிசையா மின்னுது. ஃபோன் போட்டா நாலு பேரு எடுக்கல. வாத்தி நம்பர்ல அவங்க வீட்டம்மா எடுத்துச்சு. "அண்ணா, அவரு தூங்குறாருங்ணா. ராத்திரி வளைவு வளைவுன்னு ஒரு மணி வரைக்கும் டைப் பண்ணிட்டு இருந்தாரு. எழுப்பட்டுங்களா?" வேண்டாம்மா. தூங்கட்டும். பாவம், வேலை அதிகம்.

தனியா ஏறினேன். பசி. எங்க நிக்கறோம்னெல்லாம் பாக்கல, ஒரு வளைவுல ஓரங்கட்டி செவுத்து மேல பார்சலைப் பிரிச்சேன். சட்னி பாக்கெட் நூலை நகத்தால கீறுறேன், பல்லால இழுக்கறேன், வண்டிச் சாவியால நெம்புறேன், அசையல. சாவியைத் துடைக்கலாம்னு இந்தப்பக்கம் திரும்பினேன். ஒரு குரங்கு வந்து பாக்கெட்டை எடுத்து, முடிச்சைத் திரும்பிக்கூடப் பாக்காம, அடியில ஒரே கடி. நக்கி நக்கிக் குடிக்குது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. ஒரு போட்டோ எடுத்து, ஒண்ணும் எழுதாம குரூப்புல போட்டேன். செத்தவன் மாதிரி கெடந்த குரூப்பு ஒரே நிமிசத்துல எந்திரிச்சு உக்காருது.

"பாத்தியா! பதிமூணு!"

குரங்குக்குப் பின்னாடி போர்டு தெரியுதாம். பதிமூணாம் வளைவு போர்டு. "அதே செவுருதாண்டா அது." "பஞ்சர் போட்டது அந்த மரத்தடியிலதான்." "ஒத்துக்கோ, பதினேழுன்னியே!" துபாய்லேர்ந்து இன்னொரு வாய்ஸ் நோட்டு, நான் திறக்கல. 6 மணிக்கு எந்திரிக்க முடியாத வாத்தி கூட வந்து "வெளிச்சம் சரியில்ல, 18-ஆ கூட இருக்கலாம்"ங்கிறான். இவ்வளவும் முடிஞ்சப்புறம்தான் அந்தக் கட்டைவிரல்காரன் வந்து கேக்கறான். "ஏற்காடா? எப்படா போன? சொல்லவே இல்லையேடா!"

மேல ஏரியை ஒரு சுத்து சுத்திட்டு, அந்த 13-ஐ மறுபடி பாக்கப் பிடிக்காம குப்பனூர் ரோட்டு வழியா எறங்கி, மத்தியான சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டேன். திட்டத்துல நடந்தது அது ஒண்ணுதான்.

இது கெடக்கட்டும். பார்சல் கட்டுற அண்ணனுங்க யாராச்சும் இதைப் படிச்சா ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரெண்டு கரண்டி தேங்காச் சட்னிக்கு அந்த நூலை எதுக்குண்ணா பதினாறு சுத்து சுத்துறீங்க? முடிச்சு எங்க ஆரம்பிக்குதுன்னாவது தெரிய வேண்டாமா? குரங்கு சட்னியக் குடிச்சுட்டுப் போயிடுச்சு, சாம்பார் பாக்கெட் இன்னும் எங்க வீட்டு சிங்க்குல பிரியாம கெடக்கு. மீந்த இட்லி 24. ராத்திரிக்கு இட்லி உப்புமா.