மோன்ட்ரியானுக்கு வரையத் தெரியாதா?

"மோன்ட்ரியானுக்கு ஒரு மரம்கூட வரைய வராது, அதனால்தான் கட்டம் போட்டே காலத்தை ஓட்டினார்" என்று, வண்ணக் கட்ட ஓவியங்களுக்குப் பேர்போன நெதர்லாந்து ஓவியர் பீட் மோன்ட்ரியானைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டங்கள் பிடிக்கவில்லை என்றால் சரி, அது அவரவர் ரசனை. ஆனால் இந்தத் தகவல் தவறு. ஆம்ஸ்டர்டாம் அரசு ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவர் அவர். முப்பத்தைந்து வயது தாண்டும்வரை காற்றாலை, ஆற்றங்கரை, பண்ணை வீடு என்று நெதர்லாந்து நிலக்காட்சிகளைத்தான் அதிகம் வரைந்தார்.

மரம் என்றீர்களே, அவர் மரங்களையே வரிசையாகப் பாருங்கள். 1908-10இல் வரைந்த 'சிவப்பு மரம்' தண்டும் கிளையுமாக அசல் மரம்தான், நிறம் மட்டும் தீப்பிடித்த மாதிரி இருக்கும். 1911இன் 'சாம்பல் மர'த்தில் கியூபிசத்தின் (பொருளை வடிவியல் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் ஓவியப் பாணி) பாதிப்பு தெரிகிறது, கிளைகள் வளைகோடுகளாகிவிட்டன. 1912இன் 'பூத்த ஆப்பிள் மர'த்திலோ மரத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்! கறுப்புக் கோடுகளுக்கு நடுவே சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள் வந்ததெல்லாம் 1920 வாக்கில். அப்போதும் வயிற்றுப்பாட்டுக்குப் பூக்களை வரைந்து விற்றுக்கொண்டிருந்தார்.

அப்புறம், கட்டங்களும் ஒரே மாதிரி நிற்கவில்லை. 1940இல் நியூயார்க் போனார். 1942-43இல் வரைந்த 'பிராட்வே பூகி வூகி'யில் கறுப்புக் கோடே கிடையாது. மஞ்சள் பட்டைகளில் சின்னச் சின்ன வண்ணச் சதுரங்கள்தான்.