கதவில் இருக்கும் இரண்டு வீடுகள்

2018இல் டப்ளினில் நடந்த கத்தோலிக்கத் திருச்சபையின் உலகக் குடும்பங்கள் மாநாட்டின் திருவோவியத்தில், திருக்குடும்பம் (இயேசு, மரியா, யோசேப்பு) உணவு மேசையில் அமர்ந்திருப்பதை உங்கள் கட்டுரை அழகாக விளக்கியது, சரி. ஆனால் நடுப்படத்தின் இருபக்கமும் கதவுகள் போல இருக்கும் ஓவியப் பலகைகளை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! ஒன்றில் இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானா ஊர்த் திருமணம். மற்றொன்றில் தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் இறந்த மகள் இயேசுவால் உயிர்பெறுதல். ஒரு வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்துபோகிறது, இன்னொன்றில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிறார்கள். அந்தச் சிறுமி எழுந்ததும் இயேசு என்ன சொல்கிறார் பாருங்கள்: அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார் (மாற்கு 5:43). ஒரு தாய் பேசுவது போலவே இருக்கும் எனக்கு. அங்கிருந்துதான் நடுவிலுள்ள மேசைக்குக் கண் போகிறது. குடும்ப மறைக்கல்வி வகுப்பில் முதலில் இந்தக் கதவுகளைக் காட்டுங்கள், அப்புறம் மேசைக்கு வாருங்கள்.