கோழிக்கொரு பெட்டி தேவையில்லை

"ஆறு கோழிகளுக்கு, அவை முட்டையிட ஆறு பெட்டிகள் வேண்டும், இல்லையேல் முட்டை குறையும்" என்று சிலர் சொல்வது சரியன்று. நான்கு அல்லது ஐந்து கோழிகளுக்கு ஒரு பெட்டி என்பதே பொதுவான அளவு. ஆகவே ஆறு கோழிகளுக்கு இரண்டு பெட்டிகள் தாராளமாகப் போதும். பெட்டிகள் எத்தனை இருந்தாலும், பெரும்பாலான கோழிகள் தமக்குப் பிடித்த ஒன்றிலேயே காத்திருந்து முட்டையிடுவதை கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பின்வளவிலும் நாள்தோறும் காண்கிறேன். ஒரு கோழி அடைகாக்கக் கிடந்து பெட்டியைவிட்டு எழ மறுக்கும் நாட்களுக்காகவே இரண்டாவது பெட்டி அவசியம் என்பேன்.

எண்ணிக்கையைவிட அமைப்பே முக்கியம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் கொண்ட, சற்று இருண்ட பெட்டி நாட்டுக்கோழிக்குப் பொருந்தும். கோழிகள் உயரமான இடத்தையே உறங்கத் தேடுவதால், இரவில் அவை தங்கும் கம்பு பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை பெட்டிக்குள்ளேயே உறங்கி, எச்சத்தால் முட்டைகளை அழுக்காக்கிவிடும். கொழும்பின் ஈரக்காற்றில், பெட்டிக்குள் பரப்பும் வைக்கோல் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், மழைக்காலத்தில் அதை அடிக்கடி மாற்றுங்கள். முட்டை குறைந்திருந்தால், புதிய பெட்டிகளுக்குச் செலவழிக்குமுன் தீனியையும், வெப்பத்தையும், இறகுதிர்வையும் கவனியுங்கள்.