கணினிக்கு 750 வாட் பவர் சப்ளை போட்டால் கரண்ட் பில் ஏறாது

"750 வாட் பவர் சப்ளை மணிக்கு முக்கால் யூனிட் இழுக்கும், 450 போதும்" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. பவர் சப்ளை என்பது கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி; 750 என்பது அதனால் கொடுக்க முடிகிற உச்ச அளவு. பாகங்கள் கேட்பதைத்தான் கொடுக்கும். பிரவுசர், எக்செல் வேலைக்கு உள்ளே 90 வாட் செலவானால், 90 சதவீதத் திறனில் (இழுப்பதில் 90 சதவீதம் பாகங்களுக்குப் போய்ச் சேர்ந்தால்) சுவரிலிருந்து 100 வாட் இழுக்கும். பத்து மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். மிகக் குறைந்த சுமையில் திறன் கொஞ்சம் இறங்கும், அது உண்மை. ஆனால் சில வாட்தான் வித்தியாசம்.

"450 போதும்" என்பதை நம்பி கேமிங் கணினிக்கு 450 வாட் வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து. ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டுக்கே அந்த கார்டின் நிறுவனமான என்விடியா 650 வாட் பரிந்துரைக்கிறது. கார்டு சில மில்லிசெகண்டுக்குத் திடீரென்று அதிகம் இழுக்கும்போது, தாங்காத பவர் சப்ளை விளையாட்டின் நடுவிலேயே அணைந்துவிடும்.