பாலம் ஒருவருக்கு, பாதை இன்னொருவருக்கு

ரயில் ஓடாத பாதையை யாருக்கு எழுதிக் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தாலே முதலில் வருவது "எவ்வளவு விலை போகும்?" என்ற கேள்விதான். எனக்கு அந்தக் கேள்வியிலேயே கோளாறு இருப்பதாகப் படுகிறது.

ரயில் நிலம் மற்ற நிலம் மாதிரி இல்லை. அகலம் சில மீட்டர், நீளமோ பல கிலோமீட்டர். அறுபடாமல் இருக்கும்வரைதான் அது பாதை. நடுவில் நூறு மீட்டரை விற்றுவிட்டால் இரண்டு பக்கமும் மிஞ்சுவது முட்டுச்சந்து.

பிரிட்டனில் அதுதான் நடந்தது. 1963-இல், நஷ்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கை வந்த பிறகு வரிசையாகப் பாதைகளை மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். விலை போகிற நிலமெல்லாம் துண்டு துண்டாகப் பல கைகளுக்குப் போனது. சரி, பாலத்தையும் சுரங்கத்தையும் யார் வாங்குவார்கள்? ஒரு கல் பெயர்ந்து விழுந்தாலும் பதில் சொல்ல வேண்டியது சொந்தக்காரர்தானே. அவை அரசின் தலையிலேயே தங்கிவிட்டன. 2013-இல் அந்த மிச்சசொச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனத்தையும் கலைத்துவிட்டு, 3,000-க்கும் மேற்பட்ட பாலம், சுரங்கம் போன்றவற்றை நெடுஞ்சாலை அமைப்பின் பராமரிப்பில் விட்டார்கள். உரிமை போக்குவரத்து அமைச்சரின் பெயரில், வேலை சாலைக்காரர்கள் கையில். பிள்ளை ஒரு வீட்டில், சோறு ஒரு வீட்டில் என்கிற கதைதான்.

வட இங்கிலாந்தின் கம்பிரியாவில் கிரேட் மஸ்கிரேவ் என்ற கிராமத்தில் 1862-இல் கட்டிய கல் வளைவுப் பாலம் ஒன்று உண்டு. 2021-இல் அதன் வளைவுக்கு அடியில் ஜல்லியையும் கான்கிரீட்டையும் கொட்டி அடைத்துவிட்டார்கள். மேலே சாலை பத்திரமாக இருக்க வேண்டுமாம். அடைத்த பாலத்தின் படத்தைப் பார்த்தால், பேசிக்கொண்டிருந்தவர் வாயில் துணியை அடைத்தது போலத்தான் இருக்கும். அந்த வளைவின் வழியாக என்றாவது மறுபடி ரயில் விடலாம் என்று இரண்டு பாரம்பரிய ரயில் குழுக்கள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தன. உள்ளூர் மன்றம் 2022-இல், ஏற்கெனவே செய்து முடித்திருந்த அந்த வேலைக்கு அனுமதி தர மறுத்தது. 2023-இல் கொட்டியதையெல்லாம் தோண்டி எடுத்தார்கள். கொட்டவும் செலவு, அள்ளவும் செலவு!

அந்த அதிகாரிகளை மட்டும் நான் திட்ட மாட்டேன். பாரத்தை மட்டும் கொடுத்து, அதைவைத்து என்ன செய்யலாம் என்ற உரிமையைக் கொடுக்காமல் விட்டால், யாராக இருந்தாலும் பாரத்தைத் தொலைக்கத்தான் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் 1983-இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாதையை 'கைவிட்டதாக' அறிவிக்காமல், நடைபாதையாக நடத்துகிறவர்களிடம் ஒப்படைக்கலாம். பின்னால் ரயில் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கைவிட்டதாகிவிட்டால், பல இடங்களில் அடுத்தவர் நிலத்தின் வழியே ரயில் விடும் வழியுரிமை செத்து, நிலம் பக்கத்து நிலக்காரருக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் எனக்குப் பிடித்த கதை சிங்கப்பூருடையது. தீவின் குறுக்கே ஓடிய மலாயா ரயில்வே நிலம் மலேசியாவின் கையில் இருந்தது. 1990-இல் ஒப்பந்தம் போட்டும் இருபது வருஷம் இழுபறி. 2010-இல்தான் தீர்வு: ரயில் நிலத்துக்குப் பதிலாக மரினா சவுத்திலும் ஓபிர்-ரோச்சோரிலும் மனைகள். அவற்றைக் கட்டி எழுப்பும் நிறுவனத்தில் மலேசியாவுக்கு 60 சதவீதப் பங்கு, சிங்கப்பூருக்கு 40. அப்புறமும் மேம்பாட்டுக் கட்டணம் யார் கட்டுவது என்று சண்டை போட்டு நடுவர் தீர்ப்பாயம் வரை போனார்கள், அது வேறு விஷயம். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கிளம்பிய கடைசி ரயிலை ஓட்டியது மலேசிய மாநிலமான ஜொகூரின் சுல்தான்.

முக்கியமானது, 24 கிலோமீட்டர் பாதையும் சிங்கப்பூர் அரசு என்ற ஒரே கைக்கு மாறியது. அதனால்தான் அதை முழுசாகப் பசுமை வழியாக விடுங்கள் என்று இயற்கைச் சங்கத்தினரால் கேட்க முடிந்தது. பணக்கார நாடு, அதனால் முடிந்தது என்பீர்கள். இருக்கலாம். ஆனால் துண்டாடாமல் இருக்கப் பெரிய பணம் வேண்டியதில்லையே! பாலத்தை வாங்குகிறவருக்கே பாதையும், பாதையோடு சில வருஷப் பராமரிப்புப் பணமும் என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

சிங்கப்பூரில் தண்டவாளத்தில் பெரும்பகுதியைக் கழற்றி மலேசியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். தஞ்சோங் பகார் நிலையத்தின் முகப்பில் எஃப்.எம்.எஸ்.ஆர். என்று பழைய மலாய் கூட்டு மாநிலங்களின் ரயில்வேயைக் குறிக்கும் எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. புக்கிட் தீமாவில் இரும்புப் பாலங்களை விட்டுவைத்தார்கள். இப்போது அவற்றின் மேல் ஆட்கள் நடக்கிறார்கள்.