மீன் இதய ஆய்வுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போதாது

வரிக்குதிரை மீனின் கருவில் இதயம் எப்படி உருவாகிறது என்பதை ஜெர்மனியில் ஆராய்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் பிறகு செய்யும் பணி. எங்கள் வட்டாரத்தில் போஸ்ட்டாக் என்பார்கள். இந்த வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம்தான் கிடைக்கிறது. அது ஆய்வைக் குலைக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்ல, மீனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கங்கை, பிரம்மபுத்திரா பாயும் நிலங்களில் ஓடைகளிலும் வயல்களிலும் திரியும் சிறு மீன் இது. இதன் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். கருவுற்று ஏறத்தாழ 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். அப்போது அது மேலறை கீழறை எதுவும் பிரியாத வெறும் குழாய். அடுத்த நாளுக்குள் வளைந்து இரண்டு அறைகளாகிறது. இத்தனையையும் உயிருள்ள கருவில், கத்தி வைக்காமல் பார்க்கலாம்.

இதயத் தசைச் செல்கள் முதலில் உடலின் இரு பக்கமும் தனித்தனிக் கூட்டமாக இருக்கும். பிறகு நடுக்கோட்டை நோக்கி நகர்ந்து ஒன்றுசேரும். 'மைல்ஸ் அபார்ட்' என்ற மரபணுப் பிறழ்வு உள்ள கருவில் அவை சேர்வதில்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு சிறு இதயங்கள் தனித்தனியே துடிக்கும். இந்தப் பிறழ்வு எந்த மரபணுவில் இருக்கிறது என்பது 2000-ஆம் ஆண்டு வெளியானது. அதில் என்னை இன்றும் கட்டிப்போடுவது வேறொரு செய்தி: கோளாறு நகரும் செல்களில் இல்லை, அவை நகர்ந்து செல்லும் சுற்றுப்புறத்தில் இருந்தது. இன்னொரு பிறழ்வில் இதயம் துடிப்பதே இல்லை. ஆனாலும் தோல் வழியே ஊடுருவும் ஆக்சிஜனால் அந்தக் கரு சில நாட்கள் உயிரோடு இருக்கும். எலியில் இப்படி ஒரு கருவை வைத்துக்கொண்டு ஆராய முடியாது.

இது மீனோடு நிற்கும் விஷயமும் அல்ல. நூற்றில் ஏறத்தாழ ஒரு குழந்தை ஏதோ ஓர் இதயக் குறைபாட்டோடு பிறக்கிறது. ஹோல்ட்-ஓரம் என்ற பரம்பரை நோயில் கையும் இதயமும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன. அதற்குக் காரணமான மரபணு மீனில் பழுதானால் இதயமும், நம் கைக்கு இணையான மார்புத் துடுப்பும் கெடுகின்றன.

இனி நாள்காட்டிக்கு வருகிறேன். ஒரு மரபணுவைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் பழுதாக்க, ஒற்றைச் செல்லாக இருக்கும் கருவில் ஊசி போடுகிறோம். அந்தக் கரு வளர்ந்து முட்டையிட ஏறத்தாழ மூன்று மாதம். அதைச் சாதாரண மீனோடு சேர்த்து, குஞ்சுகளை இன்னொரு மூன்று மாதம் வளர்த்து, துடுப்பின் நுனியை வெட்டிச் சோதித்தால் எந்த மீன் பிறழ்வைச் சுமக்கிறது என்று தெரியும். அப்படிப்பட்ட ஆணையும் பெண்ணையும் இணைத்தால்தான், கால்பங்கு கருக்களில் அந்த மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகியிருக்கும். எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலே அரை ஆண்டு போய்விடுகிறது. தாயின் நல்ல மரபணுவிலிருந்து முட்டையில் சேர்ந்துவிடும் புரதம் போன்ற சரக்கு, கருவின் குறையை மறைத்தால் இன்னொரு தலைமுறை வேண்டும். விலங்கு ஆய்வு அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்கள் தனி.

அப்படிக் கிடைத்த கருவில் இதயம் ஒரு குறையும் இல்லாமல் துடிக்கலாம்! இது பலருக்கும் நேர்கிறது. மரபணுவைத் தற்காலிகமாக அடக்கினால் தெரியும் குறை, மரபணுவையே பழுதாக்கினால் தெரிவதில்லை. இந்தப் புதிரைத் தள்ளிவிடாமல் பிடித்துக்கொண்டவர்கள், வேறு மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்து குறையை ஈடுகட்டுகின்றன என்று 2015-இல் காட்டினார்கள். பழுதான மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ-வே அதைத் தூண்டுகிறது என்று 2019-இல் இரு குழுக்கள் காட்டின. ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கும் ஒருவரால் இப்படிப்பட்ட புதிரில் இறங்க முடியுமா? விட்டுவிட்டு, உறுதியாக ஒரு கட்டுரை தரும் வேலையைத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஜெர்மனியில் 2007-இல் வந்த சட்டம், முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு வரை தற்காலிக ஒப்பந்தத்தை அனுமதிக்கிறது. மருத்துவத் துறைக்குக் கூடுதல் காலம். அதன்பின் வெளி நிதியில் ஓடும் திட்டம் கிடைத்தால் உண்டு, இல்லையேல் வெளியே. ஹன்னா என்ற கற்பனை உயிரியலாளரை வைத்து இதை நியாயப்படுத்தி ஜெர்மனியின் கல்வி, ஆய்வு அமைச்சகம் வெளியிட்ட காணொளிக்கு எதிராக, 2021-இல் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் 'நான்தான் ஹன்னா' என்று எழுதினார்கள். இளையவர்களுக்கு இடம் வேண்டும் என்ற அமைச்சகத்தின் வாதத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த இளையவர்களுக்குக் கற்றுத்தர யார் இருக்கப்போகிறார்கள்?

ஒரு கைவேலையைச் சொல்கிறேன். இளஞ்சூட்டு அகரோஸ் கூழில் கருவை இட்டு, கூழ் இறுகும் முன், நுண்ணோக்கியில் பார்த்தபடியே மெல்லிய முனையால் திருப்பி, இதயம் லென்ஸைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் மஞ்சள் கரு உடைந்துவிடும். செய்முறைக் குறிப்பில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். கை பழக மாதங்கள் ஆகும்; பழகிய கை ஒப்பந்தம் முடிந்து போய்விடும்.

நான் கேட்பது இரண்டு: தொடக்கத்திலேயே குறைந்தது நான்கு ஆண்டு ஒப்பந்தம், ஒவ்வோர் ஆய்வகத்திலும் அனுபவமுள்ள ஓர் ஆய்வாளருக்காவது நிரந்தரப் பணி.

இந்தத் துறைக்கு வர விரும்பும் தம்பி தங்கைகளே, கையெழுத்திடும் முன் ஆய்வகத் தலைவரிடம் கேளுங்கள். எனக்கு வேண்டிய பிறழ்வு மீன்கள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றனவா? விலங்கு ஆய்வு அனுமதி கிடைத்துவிட்டதா? போகும்போது நான் உருவாக்கிய மீன்களை எடுத்துச் செல்லலாமா? அங்கே முன்பு வேலை செய்தவர்களிடமும் இதையே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆய்வகம் தேடுங்கள்.