கார்க்கில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள்

அயர்லாந்தில் நாங்கள் இருக்கிற கார்க் ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு தம்பி போட்ட வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி நம் தமிழ் குரூப்பிலேயே ஒருவர் அதைப் பகிர்ந்து, "அப்போ ஜூலை லீவுக்கு கார்க் வேணாம், நேரா கெர்ரி போயிடலாம்" என்று பிளான் போட ஆரம்பித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எந்த வீடியோ, யார் அவர்கள் என்று கமென்ட்டில் கேட்காதீர்கள். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

"கார்க்: ஒரு நாள் தண்டம்." இதுதான் தலைப்பு. தம்பி சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "இங்க பாக்க ஒண்ணுமே இல்ல மக்களே, டைம் வேஸ்ட் பண்ணாதீங்க." அதைச் சொல்லும்போது அவர் முதுகுக்குப் பின்னால் கார்க்கை அடுத்த துறைமுக ஊரான கோவின் பேராலயம் நிற்கிறது. 1868-இல் ஆரம்பித்து 1919 வரை கட்டிய கோயில் அது. கோபுரத்தில் 49 மணிகள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர்கள் எங்கெங்கே போனார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். கிளம்பியது எங்கள் வீட்டிலிருந்துதான். காலையில் பிளார்னி. கோட்டை உச்சியில் வரிசையில் நின்று, மல்லாந்து படுத்துத் தலையைக் கீழே தொங்கவிட்டு, பேச்சுத் திறமை தரும் என்று சொல்கிற அந்தக் கல்லுக்கு முத்தம் கொடுத்தார்கள். அங்கிருந்து ஓட்டமாக கோவ். கலர் கலரான வீடுகளுக்கு முன்னால் போட்டோ. பிறகு மிடில்டன் விஸ்கி ஆலை. சாயங்காலம் கின்சேலில் சாப்பாடு. வடமேற்கில் ஒன்று, கிழக்கில் இரண்டு, தெற்கில் ஒன்று. அந்த நாளில் பாதி காருக்குள்ளேயே போயிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்தவர், பந்தியில் ஒன்றுமே வைக்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னால் எப்படி இருக்கும்?

திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கார்க்கில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். நான் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போதே சொன்னேன். "தம்பி, ஒரு நாள்தான் இருக்குன்னா கோவ் மட்டும் போங்க. கென்ட் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா அரை மணி நேரம்கூட ஆகாது, தண்ணியை ஒட்டியே போகும்." அக்கா அக்கா என்று தலையாட்டினார்கள். காலையில் வாடகைக் கார் வாசலில் நிற்கிறது.

கோவ் என்ன ஊர் என்று தெரியுமா? 1848-க்கும் 1950-க்கும் நடுவில் அயர்லாந்தைவிட்டுப் போன 60 லட்சம் பேரில் சுமார் 25 லட்சம் பேர் இந்த ஒரே துறைமுகத்தில்தான் கப்பலேறினார்கள். அப்போது அதன் பெயர் குயின்ஸ்டவுன். டைட்டானிக் கடைசியாக நின்ற இடமும் இதுதான், 1912 ஏப்ரல் 11. கப்பல் கரைக்கு வரவே இல்லை. ரோச்சஸ் பாயின்ட் அருகே நங்கூரம் போட்டு நின்றது. இங்கிருந்து ஏறிய 123 பேரையும் சிறிய படகுக் கப்பல்களில் கொண்டுபோய் ஏற்றினார்கள். பெரும்பாலும் மூன்றாம் வகுப்பு. அவர்கள் கால் வைத்து நடந்த மரத்துறையின் மிச்சக் கட்டைகள் இன்றும் தண்ணீருக்குள் நிற்கின்றன. போட்டோ எடுத்த இடத்திலிருந்து நாலு எட்டு நடந்தால் போதும்.

அம்மா இங்கே வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். ரயில் நிலையத்தை ஒட்டி, கரையோரத்தில், ஒரு பெண்ணும் இரண்டு சின்னப் பையன்களும் வெண்கலச் சிலையாக நிற்பார்கள். "யாரு இந்தப் பொண்ணு?" என்று அம்மா கேட்டாள். ஆனி மூர், பதினேழு வயது, தம்பிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அமெரிக்கா போனவள், அப்பா அம்மா முன்னாலேயே அங்கே போய்விட்டார்கள், 1892 ஜனவரி 1-ஆம் தேதி நியூயார்க்கின் குடியேற்ற வாசலான எல்லிஸ் தீவு திறந்தபோது முதல் ஆளாகப் பதிவானவள் என்று சொன்னேன். அம்மா சின்னவனின் தலையைத் தடவினாள். அப்புறம் சொன்னாள்: "எங்கப்பாவும் நாகப்பட்டினத்துல இப்படித்தான். ரஜுலா கரைக்கு வராதாம். படகுல போய்த்தான் ஏறணுமாம். பினாங்குக்குப் போற ஆளுங்க சட்டிபானையெல்லாம் தூக்கிக்கிட்டுப் படகுல தொத்திக்கிட்டு நிப்பாங்கன்னு எங்கம்மா சொல்லும்."

நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த அந்த ரஜுலா கப்பலைப் பற்றி, அம்மா அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து மத்தியானம்வரை பேசினாள். தாத்தா அனுப்பிய மணியார்டர், வந்த கடிதங்கள், வராமல் நின்றுபோன கடிதங்கள். அயர்லாந்தில் பிள்ளைகள் அமெரிக்கா கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, சாவு வீட்டில் போல ஊரே கூடி விடிய விடிய உட்கார்ந்திருப்பார்களாம். இனிமேல் பார்க்கப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நான் இதைச் சொன்னதும் அம்மாவுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இது "பார்க்க ஒன்றுமில்லாத" ஊர்.

சரி, கேட்பீர்கள்: "அவங்க டூரிஸ்ட், ஒரு நாள் வந்தவங்க, வரலாறெல்லாம் படிச்சுட்டா வருவாங்க?" படிக்க வேண்டாம். வரலாறே வேண்டாமென்றால் ஷாண்டன் போங்கள். 1722-இல் கட்டிய செயின்ட் ஆன் தேவாலயம். உள்ளே போனால் மணிக்கயிற்றை உங்கள் கையிலேயே கொடுப்பார்கள். எந்தக் கயிற்றை எப்போது இழுக்க வேண்டும் என்று எண் போட்ட அட்டை இருக்கும். நீங்கள் இழுக்க இழுக்க ஊர் முழுக்கக் கேட்கும். என் மகள் ஆறு வயதில் அதை இழுத்துவிட்டு, "அம்மா, எல்லாருக்கும் கேட்டிருக்குமா?" என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். குழந்தையோடு வந்தவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சாப்பாட்டுப் பிரியர்களா? இங்கிலீஷ் மார்க்கெட் 1788-லிருந்து நடக்கிறது. மீன் கடையில் கானாங்கெளுத்தி பளபளவென்று பனிக்கட்டி மேல் கிடக்கும். இன்னொரு பக்கம் குடலும், டிரிஷீன் என்று ரத்தத்தில் செய்த தடித்த சுருளும் விற்பார்கள். அதுதான் கார்க்கின் பழைய ஏழைச் சாப்பாடு. இதைப் பார்த்து மூக்கைப் பிடிக்க வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்கு உரிமை உண்டு. ரத்தப் பொரியலும் குடல் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த நமக்குமா?

அந்தத் தம்பி கணினித் துறையில்தான் வேலை பார்க்கிறார். நாள் முழுக்க நிரலில் பூலியன் (ஆம்-இல்லை கணக்கு) என்று எழுதுகிறவர். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஜார்ஜ் பூல், இதே கார்க்கில், இன்றைய யு.சி.சி. (யுனிவர்சிட்டி காலேஜ் கார்க்) கல்லூரியில், 1849 முதல் கணிதப் பேராசிரியர். 1864-இல் கொட்டும் மழையில் வீட்டிலிருந்து கல்லூரிக்கு நடந்துபோய், நனைந்த உடுப்போடே பாடம் எடுத்து, அதனால் வந்த காய்ச்சலில் இறந்துபோனார். கல்லூரி வளாகத்துக்குள் யாரும் நுழையலாம், காசில்லை. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சொன்னேன். "அடுத்த தடவை அக்கா" என்றார்.

மழை பெய்ததாம். வீடியோவில் மூன்று இடத்தில் மழையைத் திட்டுகிறார். ஐயா, அயர்லாந்துக்கு வந்து மழையைக் குறையாகச் சொன்னால் அதற்கு நான் என்ன பதில் எழுதுவது?

"கெர்ரி அழகில்லையா, மோஹர் செங்குத்துப் பாறைகள் அழகில்லையா" என்று கேட்பவர்களுக்கு: அழகுதான். போங்கள். அதற்காக இந்த ஊரை ஏன் தண்டம் என்கிறீர்கள்?

மிடில்டனில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விஸ்கி ஆலைக்கு டிக்கெட் எடுத்தார்கள், தப்பில்லை. அதே ஊரில், நடந்தே போகக்கூடிய தூரத்தில், பெய்லிக் பூங்காவில் ஒன்பது எஃகு இறகுகள் ஆறு மீட்டர் உயரத்துக்கு வட்டமாக நிற்கின்றன, ஏந்திய கிண்ணம்போல. 1847-இல் அயர்லாந்து பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் சோக்டா பழங்குடி மக்கள் 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அவர்களையே சொந்த மண்ணைவிட்டு அடித்து விரட்டிப் பதினைந்து பதினாறு வருடங்கள்தான் ஆகியிருந்தன. வழியெல்லாம் தங்கள் ஆட்களைப் பிணமாகப் பறிகொடுத்தவர்கள், கடல் தாண்டி முகம் தெரியாதவர்களுக்குப் பணம் அனுப்பினார்கள். அதற்கு நன்றியாக நிற்கிறது அந்தக் கிண்ணம். அதன் உள்ளே போய் நின்று மேலே பார்த்தால் இறகுகளின் ஓரப் பிசிறுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், எஃகு என்றே தோன்றாது. இதே மாவட்டத்தில் ஸ்கிபரீன் ஊர்ப் பக்கம் போனால் அபேஸ்ட்ரூரி இடுகாட்டில் பஞ்சத்தில் செத்தவர்களை, எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் என்கிறார்கள், பெயர்கூட இல்லாமல் குழியில் போட்ட இடம் வெறும் புல்வெளியாகக் கிடக்கிறது. இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் குரூப்பில் ஒருவர் எழுதுகிறார், "அக்கா சுடுகாட்டு டூர் ஆரம்பிச்சுட்டாங்க." சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுகின்றன. அந்தச் சிரிப்புகளில் சில, என் வீட்டில் பொங்கலுக்கு வந்து சாப்பிட்டவர்களுடையது. வலிக்கத்தான் செய்தது.

இன்னொருவர் தனியாக மெசேஜ் அனுப்பினார். "2025-ல் டப்ளினில் நம்ம ஆட்களை ரோட்டில் போட்டு அடிச்சாங்க. நீங்க இவங்க ஊருக்குக் கொடி பிடிக்கிறீங்க." இதற்கு அலட்சியமாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. அடித்தார்கள். இந்தியத் தூதரகமே எச்சரிக்கை அறிவிப்பு விட்டது. அந்த வாரங்களில் நைட் ஷிஃப்ட் முடிந்து நான் தனியாக பஸ்ஸுக்கு நிற்கப் பயந்தேன். என் கணவர் வந்து கூட்டிப்போனார். எதையும் மறக்கவில்லை.

ஆனால் அவரிடமும் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அஹகிஸ்டா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கார்க் மாவட்டத்தின் தென்மேற்கில், ஷீப்ஸ் ஹெட் தீபகற்பத்தில், கடலைப் பார்த்த ஒரு சின்னக் கிராமம். 1985 ஜூன் 23 காலை ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து இந்தக் கடலில் விழுந்தது. 329 பேர். எண்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். பெரும்பாலோர் கனடாவில் குடியேறிய நம் நாட்டுக் குடும்பங்கள், பள்ளி லீவுக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்கக் கிளம்பியவர்கள். நாம் ஒவ்வொரு வருடமும் பெட்டி கட்டிக் கிளம்புகிற அதே பயணம். அயர்லாந்துக் கடற்படைக் கப்பல் அஷ்லிங்கும் மற்ற கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் போய் உடல்களைத் தேடியெடுத்தன. கிடைத்தவை 131. எல்லாவற்றையும் கார்க்கின் பெரிய மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். கனடாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் இங்கே வந்து இறங்கினார்கள்.

எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர், நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று தெரிந்த முதல் நாளே இதைத்தான் பேசினார். குழந்தைகளின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்ற அப்பாக்களைப் பற்றிச் சொன்னார். பாஷை தெரியாதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம் என்றார். ஊர்க்காரர்கள் வந்தவர்களைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார்கள். அடுத்த வருடமே அஹகிஸ்டாவில் நினைவிடம் எழுந்தது. ஒரு சூரியக் கடிகாரம், பெயர்கள் பொறித்த சுவர், அதற்கு அந்தப்பக்கம் கடல். இன்றைக்கும் ஜூன் 23 காலையில் அந்தக் கிராமத்து மக்கள், அப்போது பிறந்திராத பள்ளிப் பிள்ளைகள் உட்பட, வந்து நிற்கிறார்கள். பெயர்களை வாசித்துப் பாருங்கள். நம் வீட்டுப் பெயர்கள். அந்தப் புல்லை வெட்டுவதும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இவர்கள்தான்.

டப்ளினில் அடித்தவனும் இந்த நாட்டுக்காரன்தான், இவர்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான். இரண்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொல்லாதீர்கள், என்னால் முடியாது.

இதைச் சுடுகாட்டு டூர் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் நம்மவர்கள் செத்த கடல் இருக்கிற ஊருக்கு வந்து, ஒரு கல்லுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, இங்கே ஒன்றுமே இல்லை என்று நம் பாஷையில், நம் மக்களிடம் சொல்லக் கூடாது. அது பொய். பொய் என்பதைத்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

அந்தத் தம்பிக்கு நான் எதுவும் எழுதவில்லை. வீடியோ போடுவது அவர் உரிமை என்று என் கணவர் சொல்கிறார், சரி. அதைப் பார்த்து பிளான் மாற்றுகிறவர்களிடம்தான் பேசுகிறேன். ஜூலையில் வருகிறவர்கள் வாருங்கள், ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று வாருங்கள், எங்கே போகலாம் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

அஹகிஸ்டாவுக்குக் கார் இல்லாமல் போவது கஷ்டம். நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும், கடைசிப் பகுதி ஒற்றைக் கார் ஓடுகிற ரோடு. இந்த வருடம் நாங்கள் ஜூன் 22-ஆம் தேதியே கிளம்பி பாண்ட்ரியில் தங்கி, விடிந்ததும் போகிறோம். பின்சீட்டில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். குடை கொண்டுவாருங்கள்.